ஈவுத்தொகையும் குத்தகை நெல்லும்

பணிக்கொடை முழுவதையும் அதிக ஈவுத்தொகை தரும் பங்குகளில் முதலீடு செய்யலாமா என்று, மதுரை தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கையில் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். முழுவதையும் வேண்டாம் என்றேன்.

ரூ.100 விலையுள்ள பங்குக்கு ரூ.5 ஈவுத்தொகை கிடைத்தால் அது 5 சதவீதம். விலை ரூ.50 ஆகச் சரிந்தால், அதே ரூ.5 என்பது 10 சதவீதமாகத் தோன்றும். உயர்ந்தது வருவாயன்று, குறைந்தது நம் முதல்.

2010-இல் ரூ.245-க்கு வெளியிடப்பட்ட கோல் இந்தியா பங்கு, ஈவுத்தொகை வழங்கிவந்தபோதும் 2020-இல் ரூ.150-க்கும் கீழே இறங்கியது, பின்னர்தான் மீண்டது. காத்திருக்க முடிந்தவர்களே பயனடைந்தனர். 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகைக்கு வருமான வரி செலுத்த வேண்டியவரும் முதலீட்டாளரே.

மேலூர் வயலின் குத்தகை நெல்லைப் போன்றதே ஈவுத்தொகை. பெரியாற்று நீர் பொய்த்த ஆண்டில் அதை எதிர்பார்க்க இயலாது. சில ஆண்டுச் செலவுக்கான தொகையை வங்கியில் வைத்த பின்னர், எஞ்சியதைப் பங்குகளில் இடுவதே விவேகம்.