முயல் ஏன் நகரவில்லை?

விளையாட்டுக் காட்டிக் கம்ப்யூட்டர் பாடம் கற்பித்த பேராசிரியர்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு புல்தரை. அதன் நடுவே ஒரு முயல் நிற்கிறது.

"அரை மீட்டர் முன்னால் போ!" என்று ஒரு மாணவர் அந்த முயலுக்குக் கட்டளை கொடுக்கிறார்.

முயல் அசையவில்லை.

மறுபடியும் கட்டளை கொடுக்கிறார். முயல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மாணவர் செய்த தவறு என்ன? ஒன்றும் இல்லை. "அரை" என்பதை 1/2 என்று எழுதினார். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்கள்?

கம்ப்யூட்டரின் கணக்கு வேறு. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால், விடையும் முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்பது அது அறிந்த சட்டம். ஆகவே ஒன்றை இரண்டால் வகுத்தது. மிச்சத்தைத் தள்ளியது. "விடை பூஜ்யம்" என்று முடிவு கட்டியது. பூஜ்ய மீட்டர் போகச் சொன்னால் முயல் எங்கே போகும்?

இப்படி ஒரு சிக்கல் வந்தது அமெரிக்காவில், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில். காலம் 1990-களின் நடுப்பகுதி. அங்கே ராண்டி பௌஷ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் "ஆலிஸ்" என்று ஒரு கம்ப்யூட்டர் சாதனத்தை உருவாக்கிக் கொண்டிருந்தார்கள்.

"பையனுக்குக் கணக்கு வரவில்லை" என்று சொல்லி அவர்கள் தப்பித்துக் கொள்ளவில்லை. "குற்றம் நம்முடையது" என்றார்கள். 1/2 என்றால் அரைதான் என்று கம்ப்யூட்டர் புரிந்து கொள்ளும்படி மாற்றி அமைத்தார்கள். முயல் நகர்ந்தது!

ஆலிஸுக்குள் அப்போது இருந்தது "பைத்தான்" என்ற கம்ப்யூட்டர் மொழி. அந்த மொழியிலேயே பிறகு இந்தச் சட்டம் மாறியது. 2008-ம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில், ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை என்றே விடை வருகிறது.

பயந்து ஓடியவர்கள்

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்யாது. என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதித் தர வேண்டும். அந்தக் கட்டளை வரிசைக்குத்தான் "புரோகிராம்" என்று பெயர்.

எழுதுவதில் ஒரு புள்ளி தவறினாலும் ஆபத்து. அடைப்புக்குறி ஒன்றைப் போட மறந்தால் போதும். திரை முழுவதும் புரியாத எச்சரிக்கைகள் வந்து நிற்கும்.

அதையெல்லாம் சமாளித்து எழுதி முடித்தால் கிடைப்பது என்ன? நாலு எண்களின் கூட்டுத்தொகை. அல்லது திரையில் ஒரு வரி வணக்கம். இதற்கா இவ்வளவு பாடு என்று கல்லூரி மாணவர்கள் பலர் முதல் ஆண்டிலேயே கம்ப்யூட்டர் படிப்பை விட்டு ஓடினார்கள். பெண்கள் அந்தப் பக்கம் வருவதே குறைவாக இருந்தது.

1990-களில் இன்னொரு பளுவும் சேர்ந்தது. "ஆப்ஜெக்ட்" முறை என்று ஒன்று கல்லூரிகளில் முதல் பாடமாகவே வந்துவிட்டது. "ஆப்ஜெக்ட்" என்றால் பொருள். உலகத்தில் உள்ள பொருள்களைப் போலவே புரோகிராமையும் தனித்தனிப் பொருள்களாகப் பிரித்து எழுதுவது அந்த முறை. 1960-களில் நார்வே நாட்டு விஞ்ஞானிகள் இருவர் தொடங்கி வைத்தது. பெரிய வேலைகளுக்கு அருமையான முறைதான். ஆனால், கண்ணால் பார்க்க முடியாத "பொருளை" முதல் நாளே மனதில் கற்பனை செய்யச் சொன்னால் புது மாணவன் என்ன செய்வான்?

அந்தப் பொருளைக் கண் முன்னால் நிறுத்திவிட்டது ஆலிஸ்.

அச்சும் கொழுக்கட்டையும்

திரையில் நிற்கும் முயலையே எடுத்துக் கொள்ளலாம். அதுதான் பொருள்.

அதற்கு ஒரு நிறம் உண்டு. உயரம் உண்டு. நிற்கும் இடம் உண்டு. இவை அதன் குணங்கள். அதற்கு நகரத் தெரியும். திரும்பத் தெரியும். பேசத் தெரியும். இவை அதன் செயல்கள்.

அதன் காது ஒரு தனிப் பொருள். கால் ஒரு தனிப் பொருள். "காதே, மடங்கு!" என்றால் காது மட்டும் மடங்கும்.

ஒரு முயல் போதாது, பத்து வேண்டுமா? பத்து வரும். கொழுக்கட்டை அச்சு ஒன்றே. அதில் எத்தனை கொழுக்கட்டை வேண்டுமானாலும் பிடிக்கலாம் அல்லவா? அதுபோலத்தான். ஒரே அச்சில் வந்த முயல்களில் ஒன்றை வெள்ளையாக வைக்கலாம். மற்றொன்றைப் பச்சையாகக் கூட ஆக்கலாம். புத்தகத்தில் பல பக்கம் படித்தும் பிடிபடாத பாடம், இங்கே ஐந்து நிமிஷத்தில் பிடிபட்டு விடும்.

முயலுக்குக் குதிக்கத் தெரியாது. கற்றுக் கொடுக்க வேண்டும். மாணவி கட்டளை கொடுக்கிறாள்: "மேலே போ. முன்னால் போ. கீழே வா."

முயல் லிப்டில் ஏறியது போல நேராக மேலே போகிறது. ஆகாயத்தில் நின்று, ஊர்வலம் போவது போல முன்னால் போகிறது. பிறகு கீழே இறங்குகிறது. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். மாணவியும் சிரிக்கிறாள். சிரித்துக் கொண்டே யோசிக்கிறாள்.

மேலே போவதும் முன்னால் போவதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும் அல்லவா? ஆலிஸில் அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. "வரிசையாகச் செய்" என்று ஒன்று. "சேர்த்துச் செய்" என்று மற்றொன்று. மாற்றிப் போடுகிறாள். இப்போது முயல் உண்மையாகவே குதிக்கிறது. ஆனால் கீழே வருகிற தூரத்தைக் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்து விட்டாள். முழங்கால் வரை புல்லுக்குள் புதைந்து நிற்கிறது! அதையும் திருத்துகிறாள்.

தவறு கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் இதில் விசேஷம். பழைய முறையில் தவறு எங்கோ பத்தாவது வரியில் ஒளிந்திருக்கும். இங்கே அது திரையில் புதைந்து கிடக்கிறது.

குதிக்கக் கற்றுக்கொண்ட முயலைப் புது அச்சாகச் சேமித்து வைக்கவும் முடியும். அந்த அச்சில் வரும் முயல்களுக்குப் பழைய முயலின் வித்தை அத்தனையும் தெரியும். கூடவே குதிக்கவும் தெரியும். தகப்பன் சொத்து பிள்ளைக்கு வருவது போல! இதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் பெயரும் அதுதான்: வாரிசுரிமை.

பேச்சு வழக்கே போதும்

ஆலிஸை உருவாக்கியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். விஞ்ஞானம் படிக்காத கல்லூரி மாணவர்களைக் கூட்டி வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தார்கள். அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். மாத்யூ கான்வே என்ற ஆராய்ச்சி மாணவருக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

"எக்ஸ் அச்சில் ஒன்று, ஒய் அச்சில் இரண்டு" என்று கணக்கு வாத்தியார் பாஷையில் சொல்வதுதான் அதுவரை வழக்கம். அதைத் தூக்கிப் போட்டார்கள். முன்னால், பின்னால், இடது, வலது, மேலே, கீழே. இவை போதும் என்றார்கள். "முன்னால்" என்றால் முயலின் முகம் பார்க்கும் திசை. கோணத்துக்கு டிகிரி கிடையாது. "கால் சுற்றுத் திரும்பு" என்றால் திரும்பும்.

பின்னால் வந்த இரண்டாம் பதிப்பில் எழுத்து வேலையே இல்லாமல் போயிற்று. கட்டளைகள் சின்னச் சின்னச் சில்லுகளாகத் திரையில் இருக்கும். வேண்டியதை எலிக்கருவியால் இழுத்து வந்து வைத்தால் போதும். பொருந்தாத சில்லு பொருந்தாத இடத்தில் உட்காராது. ஆகவே எழுத்துப் பிழை என்ற பேச்சே இல்லை.

"ஆலிஸ்" என்ற பெயர் எப்படி வந்தது? "அற்புத உலகில் ஆலிஸ்" என்ற குழந்தைக் கதை 1865-ல் வெளிவந்தது. எழுதியவர் லூயிஸ் கரோல். அவர் ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியர். கடினமான தர்க்கத்தை எல்லாம் குழந்தைக் கதைக்குள் வைத்துச் சொன்ன அந்த மனிதரின் நினைவாக வைத்த பெயர்.

47-ம் 88-ம்

விளையாட்டுச் சரி, படிப்பு வந்ததா?

வாண்டா டான், ஸ்டீபன் கூப்பர் என்ற இரண்டு கல்லூரி ஆசிரியர்கள் ஆலிஸைப் பாடமாக நடத்திப் பார்த்தார்கள். கணக்கில் பலம் இல்லாத, அதற்கு முன் புரோகிராமே எழுதியிராத மாணவர்களை இதற்கென்று சேர்த்தார்கள். பாதியில் ஓடிவிடக் கூடியவர்கள் என்று எல்லோரும் நினைக்கும் மாணவர்கள் அவர்கள்.

2004-ல் முடிவு வெளிவந்தது. அப்படிப்பட்ட மாணவர்களில், ஆலிஸ் படிக்காதவர்களில் 100-க்கு 47 பேர்தான் அடுத்த பாடத்துக்குத் தொடர்ந்து வந்தார்கள். ஆலிஸ் படித்தவர்களில் 100-க்கு 88 பேர் வந்தார்கள்! மதிப்பெண்ணும் ஒரு படி உயர்ந்தது. சிறிய கூட்டத்தில் நடந்த சோதனைதான். என்றாலும் பல கல்லூரிகள் திரும்பிப் பார்த்தன.

எல்லோரும் புகழ்ந்துவிடவில்லை. சில்லுகளை இழுத்துப் பழகிய மாணவர்கள், பிறகு எழுத்து எழுத்தாகத் தட்டும் மொழிகளுக்குப் போனபோது தடுமாறினார்கள். "அப்படியானால் நாங்கள் செய்தது நிஜப் புரோகிராம் இல்லையா?" என்று மனம் உடைந்தவர்களும் உண்டு என்று ஆசிரியர்கள் சிலர் எழுதினார்கள். நியாயமான குறைதான். மூன்றாம் பதிப்பில், மாணவர் செய்த வேலை "ஜாவா" மொழியில் எப்படி இருக்கும் என்று பார்க்கவும் வழி செய்யப்பட்டது.

சிறுமிகள் கேட்டது என்ன?

பௌஷ் 1997-ல் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஆலிஸும் கூடவே வந்தது. அங்கே அவருடைய மாணவி கெய்ட்லின் கெல்லஹர் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளைப் புரோகிராம் எழுத வைப்பது எப்படி?

முயல் சுற்றுவதும் நகர்வதும் அந்தச் சிறுமிகளுக்குப் போதவில்லை. கதை சொல்ல வேண்டும். ஒருத்தி மற்றொருத்தியிடம் நடந்து போக வேண்டும், பேச வேண்டும், தோளைத் தொட வேண்டும், மண்டியிட வேண்டும். இவற்றை எல்லாம் கட்டளைகளாகவே சேர்த்து "கதை சொல்லும் ஆலிஸ்" என்று ஒன்றை உருவாக்கினார் கெல்லஹர்.

88 சிறுமிகளை வைத்துச் சோதித்தார். சிலருக்குச் சாதாரண ஆலிஸ்; சிலருக்குக் கதை சொல்லும் ஆலிஸ். கதை ஆலிஸ் கிடைத்தவர்கள் புரோகிராம் எழுதுவதில் 42 சதவீதம் அதிக நேரம் செலவழித்தார்கள். பாடத்திலும் அவர்கள் பின்தங்கவில்லை.

வேடிக்கை இன்னொன்று. நேரம் முடிந்த பிறகும் திருட்டுத்தனமாக வேலையைத் தொடர்ந்தவர்கள் சாதாரண ஆலிஸில் 100-க்கு 16 பேர். கதை ஆலிஸில் 51 பேர்!

400 பேர் முன்னால்

2006 செப்டம்பரில் பௌஷுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை நடந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில், நோய் பரவிவிட்டது என்றும் இன்னும் சில மாதங்கள்தான் என்றும் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மனைவியும் மூன்று சிறு குழந்தைகளும் இருந்தார்கள். அவருக்கு வயது 46.

2007 செப்டம்பர் 18-ந் தேதி, கார்னகி மெலனில் மேடை ஏறினார். மண்டபத்தில் சுமார் 400 பேர். அழுகை இல்லை. மேடையிலேயே தண்டால் எடுத்துக் காட்டினார்! தன் சிறுவயதுக் கனவுகளைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசினார்.

ஆலிஸைப் பற்றியும் சொன்னார். குழந்தைகள் சினிமா எடுப்பதாகவும் விளையாட்டுச் செய்வதாகவும் நினைத்துக் கொண்டிருப்பார்கள்; உண்மையில் கடினமான ஒன்றைக் கற்றுக் கொண்டிருப்பார்கள். அதுதான் அவர் செய்த தந்திரம். புதிய ஆலிஸ் வருகிறது, அது நன்றாக வரும் என்று தெரியும், தான் அதைப் பார்க்க இருக்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

அந்தப் பேச்சைப் பிறகு உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 2008 ஜூலை 25-ந் தேதி பௌஷ் மரணம் அடைந்தார். ஆலிஸ் வேலையை வாண்டா டான் ஏற்று நடத்தினார். காசு வாங்காமல் எல்லோருக்கும் அது வழங்கப்படுகிறது.

கார்னகி மெலனில் கம்ப்யூட்டர் கட்டடம் ஒரு பக்கம். நாடகம் முதலிய கலைகளுக்கான கட்டடம் மறுபக்கம். இரண்டையும் சேர்த்து, 2009-ல் நடைபாலம் ஒன்று கட்டினார்கள். இரவில் அதில் விளக்குகள் வண்ணம் மாறி மாறி எரியும். பாலத்துக்கு ராண்டி பௌஷ் பெயரை வைத்திருக்கிறார்கள்.