கழுத்தால வாங்கு தம்பி!

போன வருஷம் எங்கள் ஆபீஸ் ஆண்டு விழா நாடகத்தில் துரியோதனன் வேஷம் எனக்கு. கம்பீரமான குரலாம்! (மேனேஜர் முன்னால் அந்தக் குரல் எங்கே ஓடி ஒளிகிறது என்று கேட்காதீர்கள்.)

டிராமா டிரெஸ் வாடகைக் கடை ஒன்றில் – பேர் வேண்டாமே – கிரீடம் எடுத்தேன். வாடகை 500 ரூபாய், அட்வான்ஸ் 1,000. தகதகவென்று மின்னியது. கண்ணாடியில் பார்த்தால் அஸ்தினாபுரமே என் சட்டைப் பையில்!

மேடையேறிய ஐந்தாவது நிமிஷம், உள்பக்கக் கம்பி நெற்றியில் குத்த ஆரம்பித்தது. பத்தாவது நிமிஷம், வியர்வையில் வழுக்கிய கிரீடம் கண்ணை மறைத்துக் கொண்டு மூக்கில் வந்து உட்கார்ந்தது. "யாரங்கே!" என்று கர்ஜித்தேன். எனக்கு நிஜமாகவே யாரையும் தெரியவில்லை. திரௌபதியே சிரித்துவிட்டாள். போதாக்குறைக்கு நாலு கல் உதிர்ந்து, மறுநாள் அட்வான்ஸில் 400 ரூபாய் காலி. கண்ணாடிக் கல் ஒன்று நூறு ரூபாய்!

நெற்றியில் பிளாஸ்திரியோடு புளியந்தோப்பு வந்து சேர்ந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தம்பி, பீமன் தொடையிலதானே அடிப்பான்? உனக்கு மண்டையில போட்டுட்டானா?"

கதையைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, பேரனைப் பரணில் ஏற்றி ஒரு துணி மூட்டையை இறக்கச் சொன்னார். உள்ளே ஒரு கிரீடம். பின்னி கம்பெனியின் பி அண்ட் ஸி மில்லில் வேலை பார்த்த மனுஷர். திருவிழா சமயங்களில் லீவு போட்டுவிட்டு கூத்தில் துரியோதனன் கட்டியவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"பார்த்துத் தூக்கு" என்றார். கனமாக இருக்குமென்று இரண்டு கையாலும் பிடித்தேன். பஞ்சு!

"கல்யாண முருங்கைக் கட்டை தம்பி. ராத்திரி பத்து மணிக்குக் கட்டினா விடியற வரைக்கும் சுத்திச் சுத்தி ஆடணும். கிரீடத்தைக் கண்ணால வாங்காத. கழுத்தால வாங்கு."

தெருக்கூத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் லேசான மரத்தில் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. கேரளத்துக் கதகளிக்குக் குமிழ் மரம். ராத்திரி முழுக்க ஆடுகிறவனுக்கு எது தாங்கும் என்பது ஐ.எஸ்.ஐ. முத்திரை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே தெரிந்திருக்கிறது!

நிஜ ராஜாக்கள் பாடு இன்னும் மோசம். இங்கிலாந்தில் 2023 மே 6-ம் தேதி சார்லஸ் மன்னருக்குச் சூட்டிய செயின்ட் எட்வர்ட் கிரீடம் 2 கிலோவுக்கு மேல். சடங்கு முடிந்ததும் ஒரு கிலோ சொச்சமுள்ள வேறொரு கிரீடத்துக்கு மாறித்தான் அவர் வெளியே வந்தார். அந்த ஒரு கிலோவையே எலிசபெத் மகாராணி சும்மா விடவில்லை. அதை வைத்துக்கொண்டு குனிந்து உரையைப் படித்தால் கழுத்து முறிந்துவிடும் என்று 2018-ல் ஒரு டி.வி. பேட்டியில் சொன்னார். மகாராணியும் நம்ம பெரியவரும் ஒரே கட்சி!

'எனக்கெதற்கு ஸார் கிரீடம்?' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். அமெரிக்காவில் 1963-லிருந்து மறுமலர்ச்சிக் காலச் சந்தை என்று நடத்தி, ஜனங்கள் ராஜா ராணி வேஷத்தில் உலாவுகிறார்கள். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரியில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தபோது, நம்ம பையன்களும் வேஷம் கட்டிக்கொண்டு போனார்கள். பெரியவரின் பேரனும் அடுத்த கானுக்கு ஒரு ராஜா வேஷத்துக்குத் தயாராகிறான். ஆக, கடைக்குப் போகுமுன் பெரியவர் பாடத்தைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

தலையை ஆட்டு! போட்டுக்கொண்டு குனியுங்கள், நிமிருங்கள், ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நகர்ந்தால் வேண்டாம். தலையில் முதலில் துணியை இறுக்கிக் கட்டி அதன்மேல் வைத்தால் வியர்வையையும் அது குடிக்கும், கம்பியும் குத்தாது.

கல்லைத் தடவு! நகம் வைத்துப் பிடித்த கல் நிற்கும். வெறும் பசையில் ஒட்டியது நம்ம வெயிலுக்கு உதிரும். அதுவும் சூடாக உருக்கி ஒட்டும் குச்சிப் பசை, பூட்டிய காருக்குள் மத்தியானம் இருந்தால் மறுபடி இளகும்.

ஓரத்தைப் பார்! பெண்கள் வைக்கும் மெல்லிய டியாரா என்றால், பற்றவைத்த இடங்களில்தான் முதலில் உடையும். பட்டை அகலமாக, இரண்டு முனையிலும் சீப்பு வைத்ததாக இருக்கட்டும். கூர்முனைகளை விரலால் தடவுங்கள்; கீறினால் நெற்றியையும் கீறும்.

நகை விஷயம்: பித்தளையில் செம்பு இருக்கிறது. வியர்வை உப்புப் பட்டால் பச்சை பூக்கும். நிக்கல் கலந்ததென்றால் சிலருக்கு அரிக்கும். தோலில் படுகிற பக்கம் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கை அடித்தால் கொஞ்ச நாள் தாங்கும். ஒரு நாள் கூத்துக்குச் சிதம்பரம் கவரிங் போதும். வருஷா வருஷம் மேடையேறுகிற பரத நாட்டியக்காரர்கள் வடசேரி நகை தேடிப் போகிறார்கள். விலை கூட, ஆனால் உழைக்கும். எதுவானாலும் கழற்றியதும் துடைத்து, உலர்த்தி, பஞ்சில் சுற்றி வையுங்கள்.

பேரன் செய்திருந்த கிரீடம், ஜிம் தரையில் விரிக்கும் ஃபோம் ஷீட்டை வெட்டி, தங்க பெயின்ட் அடித்தது. பெரியவர் வாங்கி எடை பார்த்தார். "இதுவும் லேசுதான். உங்க காலத்துக் கல்யாண முருங்கை" என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "மில்லை மூடினது 1996-ல. கஷ்டகாலத்துல எல்லாத்தையும் வித்தேன்னு சொல்வீங்களே பெரியப்பா, இதை மட்டும் ஏன் விக்கலை?"

"பித்தளை அண்டா போச்சு. பெரியம்மா செயின் போச்சு. சைக்கிள் போச்சு. இதுக்கு எவன் தம்பி காசு குடுப்பான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு பேரனின் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, முட்டி வலியோடு திண்ணையைப் பிடித்தபடி எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றினார். மெதுவாக... மிக மெதுவாக.

கிரீடம் அசையவில்லை.

"தாங்கும்டா" என்றார் பேரனிடம். மூச்சு வாங்கியது. ஆனால் குரல் இருக்கிறதே... அது துரியோதனன் குரல் ஸார். எங்கள் ஆபீஸ் மேடையில் நான் விட்டது வெறும் கொட்டாவி!