தாடை எலும்பு மீண்டும் வளருமா?

பல் எடுத்த புண் ஆறியதும் அந்த இடத்தை மறந்துவிடுகிறோம். உள்ளே எலும்பு கரைவது அப்போதே தொடங்கியிருக்கும். மெல்லும் விசை வேர் வழியாகத் தாடைக்குப் போய்ச் சேரும் வரைதான் அங்குள்ள எலும்பு தன் கனத்தைக் காத்துக்கொள்ளும். வேர் போய்விட்டால், முதல் ஆண்டிலேயே அந்த இடத்தில் தாடையின் அகலம் பாதியாகக் குறையக்கூடும். பல வருடம் பல்செட்டோடு பழகிய பாட்டிக்கு, ஒருநாள் செட் வாயில் நிற்காமல் நழுவத் தொடங்குவது இதனால்தான். தாடையில் திருகிப் பொருத்தும் செயற்கை வேரான இம்பிளான்ட் வைக்கலாம் என்று போனால், திருகைப் பிடிக்க எலும்பு இல்லை என்பார் மருத்துவர்.

இன்று இதற்கு நம்பகமான வழி, இடுப்பிலிருந்தோ மோவாயிலிருந்தோ எலும்புத் துண்டு ஒன்றை வெட்டியெடுத்துத் தாடையில் பொருத்துவது. பலன் தரும் சிகிச்சைதான். ஆனால் வாய்க்கு வைத்தியம் பார்க்கப் போனவர், வெட்டிய இடத்து வலியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

வேறு வகைச் செல்களாக மாறவல்ல ஸ்டெம் செல் மீது எனக்கு நம்பிக்கை பிறப்பது இந்த இடத்தில்தான். நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள், கீழ்த்தாடை மிகவும் தேய்ந்துபோன 11 பேருக்கு அளித்த சிகிச்சையின் முடிவை 2018இல் வெளியிட்டார்கள். எலும்பை வெட்டவில்லை, இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை மட்டும் உறிஞ்சினார்கள். அதிலிருந்த ஸ்டெம் செல்களை ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வகத்தில் பெருக்கி, கால்சியம் பாஸ்பேட் குருணைகளோடு கலந்து, அவரவர் தாடையில் வைத்தார்கள். நான்கு முதல் ஆறு மாதங்களில் இம்பிளான்ட் பொருத்தப் போதுமான எலும்பு வளர்ந்திருந்தது. செல் சேர்க்காமல் குருணை மட்டும் வைத்த ஒரு குழுவை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பது இந்த ஆய்வின் பெரிய குறை.

குருணைகள் கட்டட வேலையில் கட்டும் சாரம் போன்றவை. செல்கள் அதைப் பற்றிக்கொண்டு எலும்பாக மாறலாம். அதைவிட, அவை சுரக்கும் வேதிப்பொருள்கள் உடம்பின் சொந்தச் செல்களை வேலைக்கு அழைப்பதே முக்கியம் என்று பலர் இப்போது கருதுகிறார்கள்.

பல்லுக்குள்ளேயும் இந்தச் செல்கள் உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 2000இல் ஞானப்பல்லின் கூழிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் குழுவிலிருந்த சாங்டாவ் ஷி, தன் ஆறு வயது மகளின் விழுந்த பால்பல்லுக்குள் சிவந்த திசு இருப்பதைக் கவனித்தார். அதிலும் ஸ்டெம் செல்கள் உண்டு என்ற முடிவு 2003இல் வந்தது. சீனாவின் சியான் நகரில், அடிபட்டு முன்பல் செத்துப்போன குழந்தைகளுக்கு அவரவர் பால்பல் செல்களையே வைத்தபோது, வேர் நீண்டது, பல்லில் உணர்ச்சி திரும்பியது. இந்த முடிவும் 2018இல் வெளியானதுதான்.

முழுப் பல்லையே முளைக்க வைப்பது இன்னும் தொலைவில் இருக்கிறது. எனாமல் கட்டும் செல்கள், பல் வெளியே வருவதற்குள் அழிந்துவிடுகின்றன. புற்றுநோய்க்காகத் தாடையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்தவர்களுக்கும் ஸ்டெம் செல் இப்போதைக்கு விடையில்லை. ரத்தக் குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளியிருந்தாலே செல் பட்டினியில் சாகும்; பெரிய இடைவெளியின் நடுப்பகுதிக்கு ரத்தம் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் அறுவை மருத்துவர்கள் இன்றும் காலின் சிம்பு எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையாக்குகிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாமே ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. அனுமதி பெற்ற ஆய்வில் சேர்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. தொப்புள்கொடி ரத்தம் தவிர, பால்பல் உள்ளிட்ட எதையும் வணிக நோக்கில் சேமித்துவைக்கவும் அந்த வழிகாட்டுதல் இடம் தரவில்லை. பல் மருத்துவமனையில் யாராவது இதற்கு விலை சொன்னால், ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள்.