போன் திரையை மானிட்டரில் காட்ட எந்த புரோகிராம் நல்லது?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் ஒரு மாதத்திற்குள் கேட்கும் கேள்வி இது: "என் மொபைல் போனில் தெரிவதை அப்படியே மானிட்டரில் பெரிதாகக் காட்ட முடியுமா?" தாராளமாக முடியும். இதற்கு ஸ்க்ரீன் மிர்ரரிங் என்று பெயர். ஆனால் எந்த புரோகிராம் மூலம் செய்கிறோம் என்பதில்தான் கவனம் தேவை.

என் சித்தப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். மாலை நேரத்தில் வீட்டில் டியூஷன் எடுக்கிறார். போனில் உள்ள அறிவியல் வீடியோக்களை மாணவர்களுக்கு மானிட்டரில் காட்ட விரும்பி, தேடியதில் முதலில் வந்த ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்துவிட்டார். மறுநாள் எனக்கு போன் வந்தது.

"என்னப்பா இது, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம் வருது. இப்ப என்னமோ அக்சஸிபிலிட்டியை ஆன் பண்ணச் சொல்லுது. பண்ணிடட்டுமா?"

"வேண்டாம் சித்தப்பா. ஆப்பை அன்-இன்ஸ்டால் பண்ணிடுங்க. சனிக்கிழமை நான் வர்றேன்."

அவசரமாகத் தடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய பென்ஷன் வரும் வங்கிக் கணக்கின் ஆப்பும் அதே போனில்தான் உள்ளது.

எதற்குப் பயப்பட வேண்டும்?

போன் திரையைப் பார்க்கும் புரோகிராம், திரையில் வரும் எல்லாவற்றையும் பார்க்கும். மெசேஜ், ஓ.டி.பி., போட்டோ என எதுவும் விலக்கல்ல. பல வங்கி ஆப்கள் மிர்ரரிங் நேரத்தில் தங்கள் பக்கத்தைக் கறுப்பாக மறைத்துவிடும். ஆண்ட்ராய்ட் 15 (2024) முதல், ஓ.டி.பி. உள்ள நோட்டிபிகேஷன்களை மறைக்கும் வசதியும் உள்ளது. ஆனால் பழைய போன்களில் இதை எதிர்பார்க்க முடியாது.

அக்சஸிபிலிட்டி என்பது பார்வைக் குறைபாடு போன்ற சிரமம் உள்ளவர்களுக்கு உதவ ஏற்படுத்தப்பட்ட வசதி. இந்த அனுமதி பெற்ற ஆப், திரையில் உள்ளதைப் படிக்கலாம். உங்களுக்குப் பதிலாக பட்டன்களையும் அழுத்தலாம். திரையைக் காட்ட மட்டும் வந்த ஆப்பிற்கு இது தேவையே இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தொலைவில் இருப்பவர் உங்கள் திரையைப் பார்க்க உதவும் ரிமோட் ஆப்கள் வேறு வகை. அவை நல்ல வேலைக்காகத் தயாரிக்கப்பட்டவைதான். ஆனால் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, இவற்றை இன்ஸ்டால் செய்யவைத்துப் பணத்தை எடுக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. போனில் அழைப்பவர் சொல்லி எந்த ஆப்பையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஏமாந்துவிட்டால், உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் தரவும்.

தேர்ந்தெடுக்கும் முன் நான்கு கேள்விகள்

1. வீட்டிற்குள்ளேயே வேலை செய்கிறதா? பக்கத்தில் உள்ள மானிட்டருக்குப் படம் அனுப்ப இணைய இணைப்போ, அக்கவுண்ட் திறப்பதோ தேவையில்லை.
2. என்ன அனுமதி கேட்கிறது? காண்டாக்ட், எஸ்.எம்.எஸ்., அக்சஸிபிலிட்டி கேட்டால் விலகிவிடவும்.
3. தயாரித்தவர் யார்? பெயரும் முறையான தளமும் இருக்கிறதா எனப் பார்க்கவும்.
4. இலவசம் என்றால் எப்படி இலவசம்? விளம்பரம் மூலமா, அல்லது ஓப்பன் சோர்ஸ் புரோகிராமா?

முதல் வழி: விண்டோஸில் உள்ளதே போதும்

விண்டோஸ் 10 மற்றும் 11ல் மிராகாஸ்ட் முறையில் படத்தைப் பெறும் வசதி உள்ளது. செட்டிங்ஸில் சிஸ்டம் பிரிவில் 'புரொஜெக்டிங் டு திஸ் பிசி' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அங்கு எதுவும் செயல்படாமல் மங்கலாக இருந்தால், ஆப்ஷனல் பீச்சர்ஸ் பகுதிக்குச் சென்று 'வயர்லெஸ் டிஸ்ப்ளே' என்பதைச் சேர்க்க வேண்டும். பின் நம்பர் ஒவ்வொரு முறையும் கேட்கும்படி அமைத்துவிடவும். போனில் இது காஸ்ட், ஸ்மார்ட் வியூ எனப் பல பெயர்களில் இருக்கும்.

இதில் இரண்டு சிக்கல்கள். பல டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களில் வை-பி இருக்காது. அப்படியானால் இந்த வழி உதவாது. கூகுளின் பிக்சல் போன்களிலோ மிராகாஸ்ட் வசதி தரப்படுவதில்லை.

இரண்டாவது வழி: கேபிள் மூலம்

சித்தப்பாவின் டெஸ்க்டாப்பில் வை-பி இல்லை. எனவே ஜெனிமொபைல் நிறுவனம் 2018ல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் புரோகிராமை அமைத்துக் கொடுத்தேன். 'ஸ்க்ரீன் காப்பி' என்று வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் உயிரெழுத்துகளே இல்லாமல் எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்ற ஆறு எழுத்துகளாக எழுதப்படும். விளம்பரம் இல்லை, அக்கவுண்ட் இல்லை, இணையம் தேவையில்லை. போனில் ஆப் எதையும் நிரந்தரமாகப் பதிப்பதும் இல்லை. ஆண்ட்ராய்ட் 5.0 முதல் இயங்கும். ஆண்ட்ராய்ட் 11 முதல் ஒலியும் கம்ப்யூட்டரில் கேட்கும்.

கிட்ஹப் தளத்தில் உள்ள அதன் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்திடவும். இதே பெயரில் வேறு ஆட்கள் நடத்தும் தளங்கள் பல உள்ளன. கிடைக்கும் ஜிப் பைலை விரித்து ஒரு போல்டரில் வைக்கவும்.

பின்னர் போன் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' சென்று 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு முறை தட்டவும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் கிடைக்கும். அதில் 'யு.எஸ்.பி. டிபக்கிங்' என்பதை ஆன் செய்து, கேபிளால் இணைக்கவும். போன் அனுமதி கேட்கும்; உங்கள் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் சம்மதிக்கவும். இனி போல்டரில் உள்ள எக்ஸ்இ பைலை டபுள் கிளிக் செய்தால் போன் திரை மானிட்டரில் தோன்றும்.

வேலை முடிந்ததும் யு.எஸ்.பி. டிபக்கிங்கை மறக்காமல் ஆப் செய்திடவும். இது திறந்திருந்தால், நீங்கள் அனுமதித்த கம்ப்யூட்டர் உங்கள் போனில் பல வேலைகளைச் செய்ய முடியும். சில வங்கி ஆப்களும் இது ஆனில் இருந்தால் இயங்க மறுக்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸில் இதுபோல் உடன் வரும் வசதி இல்லை. மேக் கம்ப்யூட்டர் இருந்தால் கேபிளை இணைத்து, குவிக்டைம் பிளேயர் மூலம் பார்க்கலாம்.

படம் தடங்கி வருகிறதா?

போன் தன் திரையை உடனுக்குடன் வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது. அதனால் வை-பி நெரிசல் இருந்தால் படம் நின்று நின்று வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, ரூட்டர் அருகில் வந்து பார்க்கவும். கேபிள் வழியில் இந்தத் தொல்லை குறைவு. கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ளவில்லை என்றால், கேபிளை மாற்றவும். சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் கேபிள்களில் டேட்டா செல்லாது. சித்தப்பா வீட்டில் அரை மணி நேரம் நான் தேடிய கோளாறு இதுதான்!

கடைசியாக ஒன்று

எல்லாம் சரியாக ஓடியது. வகுப்பு நடக்கும்போது திரையின் மேலே ஒரு மெசேஜ் இறங்கியது. முன்வரிசையில் இருந்த சிறுமி அதைச் சத்தமாகப் படித்தாள்: வங்கியின் பெயர், பிறகு ஆறு இலக்க ஓ.டி.பி. மாணவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. வீட்டில் சித்தி அவருடைய கார்டில் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்.

புரோகிராம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், காட்டுவது உங்கள் திரைதான். மிர்ரரிங் தொடங்கும் முன் போனில் 'டூ நாட் டிஸ்டர்ப்' என்பதை ஆன் செய்து, நோட்டிபிகேஷன்கள் திரையில் தோன்றாதபடி அதன் செட்டிங்கையும் மாற்றவும். சித்தப்பா இப்போது கரும்பலகையைத் துடைப்பதுபோல, ஒவ்வொரு வகுப்புக்கும் முன் இதைச் செய்துவிடுகிறார். நீங்களும் பழகிக் கொள்ளுங்கள்.