எலி மருந்து கேட்டார், பூனையின் வாயைப் பார்க்கச் சொன்னேன்

பெரிய காஞ்சிபுரத்தில் தறி போட்டிருக்கும் வாசகர் ஒருவர் நம் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். ‘வீட்டில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. கஞ்சி போட்ட பாவை இரண்டு இடத்தில் கடித்துவிட்டது. வளர்க்கிற பூனை முன்பெல்லாம் நன்றாக எலி பிடிக்கும். இரண்டு மாதமாகத் திண்ணையிலேயே சுருண்டு கிடக்கிறது. எந்த எலி மருந்து நல்லது, எவ்வளவு வைக்க வேண்டும்?’

இதற்கு நான்கு வரியில் பதில் எழுதிவிடலாம். நெல் வயல் எலிக்கு வருஷக்கணக்காகச் சொல்லி வருவதுதான். ஆனால் கடிதத்தின் கடைசியில் இன்னும் ஒரு வரி இருந்தது. ‘பூனை பக்கத்தில் வந்தாலே வாய் நாறுகிறது. அதையும் ஒரு கோணியில் கட்டி எங்காவது விட்டுவிடலாம் என்று இருக்கிறோம்.’ அந்த வரியைப் படித்த பிறகு மருந்தின் பெயரை எழுதப் பேனா ஓடவில்லை. ஊர் பக்கம்தானே என்று நேரிலேயே போய்விட்டேன்.

பட்டுத்தறி வீட்டில் எலி என்பது வயல் எலியைவிடக் கொடுமை. பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுகிறார்கள். அந்த வாசனைக்கு எலி வரும். வந்தால் கடிக்காமல் போகாது, ஏனென்றால் எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தால்தான் அதற்கு வாய் மூட முடியும். பட்டு இழை ஒவ்வொன்றையும் பிணைத்துச் சரிசெய்ய எத்தனை நாள் கூலி போகிறது என்பது தறிக்காரருக்குத்தான் தெரியும். ஆகவே தறி வீட்டுப் பூனை செல்லப் பிராணி மட்டுமல்ல, அதுவும் ஒரு வேலைக்காரர்.

அந்த வேலைக்காரருக்கு நான் போன அன்று கருவாட்டுத் துண்டு வைத்தார்கள். ஓடி வந்தது. முகர்ந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கவ்வியது. உடனே கத்திக்கொண்டு கீழே போட்டுவிட்டு, தட்டைப் பார்த்தே சீறியது. பசி இருக்கிறது, தின்ன முடியவில்லை. முதுகு முடி திரிதிரியாக ஒட்டிக் கிடந்தது. வாய் வலிக்கிற பூனை உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். உதட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தால் பின்பக்கப் பற்களைச் சுற்றி ஈறு ரத்தச் சிவப்பு, பல்லின் மேல் பழுப்புக் காறை.

நாம் மாட்டுச் சந்தையில் என்ன செய்கிறோம்? உதட்டைப் பிரித்து இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்த்துத்தான் விலை பேசுகிறோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பழமொழியே வைத்திருக்கிறோம். காசு கொடுத்த மாட்டைக் கட்டாயம் பார்ப்போம் என்றுதானே அதற்கு அர்த்தம். அதே ஆள், வீட்டு வாசலில் பத்து வருஷம் காவல் கிடக்கிற நாயின் உதட்டை ஒரு நாள் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார். வாய் நாற்றம் நாய்க்கு இயற்கை என்று நினைத்துக்கொள்கிறோம். அது இயற்கையல்ல, நோயின் அடையாளம்.

ஆனால் இதைப் படித்த கையோடு யாரும் நாயின் வாய்க்குள் விரலை விட்டுவிட வேண்டாம். முதலில் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்த நாய் திடீரென்று எச்சில் ஒழுக நிற்கிறது, கீழ்த்தாடை தொங்குகிறது, விழுங்க முடியவில்லை, குரைக்கும் குரல் மாறியிருக்கிறது. பார்ப்பவர்கள் ‘தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது’ என்பார்கள். வெறிநோயில் வாதம் போல வரும் வகை அப்படியேதான் இருக்கும். வெறிநாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்ற நினைப்பில், அமைதியாக நிற்கும் நாயின் வாயில் கைவிட்டு எலும்பு தேடுவது உயிருக்கே ஆபத்து. பூனைக்கும் வெறிநோய் வரும். இப்படிப்பட்ட பிராணியைத் தொடாமல், பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, முடிந்தால் கதவைச் சாத்தி அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். கடி பட்டாலோ, கையில் இருக்கும் கீறலில் எச்சில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். 0, 3, 7, 28 என்று அவர்கள் சொல்லும் நாட்களில் ஒன்றையும் விடாமல் ஊசி போட்டு முடிக்க வேண்டும். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட, நமக்குப் பழகிய பிராணி என்றால்தான் வாயைப் பார்க்கும் பேச்சு. அதற்கும் வாயைத் திறக்கத் தேவையில்லை. மேலுதட்டைப் பக்கவாட்டில் தூக்கினால் போதும், பார்க்க வேண்டியது எல்லாம் வெளிப்பக்கத்திலேயே தெரியும்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. இவற்றுக்கு நம்மைப் போலச் சொத்தைப்பல் வருவது குறைவு, ஈறுதான் கெடும். தின்ற பிறகு பல்லின் மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம் படிகிறது, அத்தனையும் கிருமி. துடைத்தால் போய்விடும். துடைக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளிலேயே எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் சேர்ந்து கல்லாக இறுக ஆரம்பிக்கும். உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் படியும் காறை போலத்தான். பிறகு துணிக்கு அது அசையாது. காறை ஈறுக்கு அடியில் இறங்கும், ஈறு பல்லைவிட்டு விலகும், கடைசியில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரையும். மூன்று வயதைத் தாண்டிய நாய், பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கும் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். பூனைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஈறு ஓரத்தில் பல்லே அரித்துக் கரைந்து போகும். வெளியே பார்த்தால் சின்னச் சிவப்புப் புள்ளி, தொட்டால் தாடை வெடவெடவென்று ஆடும், அவ்வளவு வலி.

வாலாஜாபாத் பக்கம் ஒரு கடலைக்காட்டுக் காவல் நாயை மறக்க முடியாது. வலது கண்ணுக்குக் கீழே ஒரு புண். சீழ் வடியும், ஆறும், மறுபடி உடையும். எட்டு மாதம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டார்கள், நடுவில் டிராக்டர் கழிவு ஆயிலும் பூசியிருக்கிறார்கள். நானும் இரண்டு முறை பார்த்தேன், முள் குத்தியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பயிர் படித்தவனுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. கால்நடை மருத்துவர் கண்ணைப் பார்க்கவே இல்லை, உதட்டைத் தூக்கினார். மேல்தாடைப் பெரிய பல் செங்குத்தாகப் பிளந்திருந்தது. மூன்று வேர் உள்ள பல் அது, வேர் கண்ணுக்குக் கீழேவரை போகிறது. சீழ் அங்கே பிடித்து வெளியே வழி தேடியிருக்கிறது. பல்லை எடுத்தார், புண் ஆறிவிட்டது, மறுபடி உடையவில்லை. பிளந்ததற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமைதோறும் கறிக்கடையிலிருந்து ஆசையாக வாங்கிப்போட்ட கால் எலும்பு.

எலும்பு கடித்தால் நாய்ப் பல் சுத்தமாகும் என்பது நம் ஊர் நம்பிக்கை. கொஞ்சம் காறை உதிரும்தான். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. உங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாத அளவு கெட்டியான எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதீர்கள். குழம்பில் வெந்த கோழி எலும்பு வேறு வகையில் மோசம், சில்லு சில்லாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

வீட்டில் செய்யக்கூடியது எளியதுதான், தினமும் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்து ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். உதட்டுக்கு அடியில் விட்டு, பல்லின் வெளிப்பக்கமும் ஈறு ஓரமும் சேர்த்து, பக்கத்துக்கு அரை நிமிடம் மெதுவாகத் தேய்த்தால் போதும். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். குட்டியாக இருக்கும்போதே பழக்கினால் மறுக்காது. வளர்ந்த பிராணி என்றால் முதல் வாரம் உதட்டைத் தொட்டுவிட்டு விடுங்கள், அடுத்த வாரம் ஒரு பல். தினமும் முடியாதென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். மாதம் ஒரு முறை தேய்ப்பதில் பயன் இல்லை, அதற்குள் காறை கல்லாகிவிடும். ஏற்கெனவே ஈறு சிவந்து வீங்கியிருந்தால் தேய்க்கத் தொடங்காதீர்கள், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாம் பல் விளக்கும் பேஸ்ட் வேண்டாம். நாம் துப்புகிறோம், அது விழுங்கும். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்கிறார்கள். நாய்க்கு அது ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிக் கல்லீரலையும் கெடுக்கும் விஷம். நமக்குப் பல்வலி வந்தால் வைக்கும் கிராம்புத் தைலம் பூனைக்கு ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துப் பாலில் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் உடம்புக்கு அந்த மருந்தை முறிக்கும் சக்தி கிடையாது. ஒரே மாத்திரையில் செத்துப்போகும்.

கத்தி முனையால் காறையைச் சுரண்டினேன் என்று பெருமையாகச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். வெளியே பல் வெள்ளையாகத் தெரியும். நோய் இருப்பது ஈறுக்கு அடியில், அங்கே கத்தி போகாது. அதை மயக்க மருந்து கொடுத்து மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

இப்போது எலி மருந்துக்கு வருகிறேன். அந்தத் தறி வீட்டில் என் பதிலுக்குக் காத்திராமல் கடையில் புரோமடியோலோன் கட்டி வாங்கி வைத்திருந்தார்கள், நல்லவேளை பிரிக்கவில்லை. இந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையும் தன்மை கெட்டு, நான்கைந்து நாள் தள்ளாடிச் சாகும். பல் வலிக்கிற, ஓடிப் பிடிக்க முடியாத பூனைக்குக் கைக்கு எட்டுவது அந்தத் தள்ளாடும் எலிதான். அதைத் தின்றால் விஷம் பூனைக்குள்ளும் சேரும். அதனால் ஒன்றை நினைவில் வையுங்கள். நாயோ பூனையோ, ஈறு திடீரென்று வெளுத்துப்போனாலும், பல் ஓரத்தில் நிற்காமல் ரத்தம் கசிந்தாலும், அது பல் நோய் என்று நாள் கடத்தக் கூடாது. மருந்து அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். இதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தில் போனால் பிழைக்கும். வயலில் வைக்கும் சிங்க் பாஸ்பைடுக்கு அப்படி மாற்று மருந்தே கிடையாது. அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

அவர்களுக்கு நான் சொன்னது இதுதான். கட்டியைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். சுவரோரப் பொந்துகளைக் கண்ணாடித் துண்டு கலந்த சிமெண்டில் அடையுங்கள். கூரை இடுக்குக்குக் கம்பி வலை. கஞ்சிப் பானையை இரவில் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். பொறியைச் சுவரை ஒட்டி வையுங்கள், எலி நடுவீட்டில் நடக்காது. பூனையை மூடி உள்ள கூடையில் வைத்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

‘பூனைப் பல்லுக்காக மெட்ராஸ் போவதா’ என்று பெரியவர் சிரித்தார். அவர் மருமகள்தான் கொண்டுபோனார். ரத்தம் சோதித்து, மயக்க மருந்து கொடுத்து, கெட்டுப்போன பின்பக்கப் பற்களை எடுத்துவிட்டார்கள். ‘பல்லைப் பிடுங்கிவிட்டால் எலியை எப்படிப் பிடிக்கும்?’ என்று பெரியவர் எனக்குப் போன் செய்தார். பூனை எலியைப் பிடிப்பது நகத்தால், கொல்வது முன்னால் இருக்கும் கோரைப்பல்லால். அந்த நான்கும் நன்றாக இருந்ததால் எடுக்கவில்லை. முதல் பத்து நாள் மசித்த மீனும் சோறும். மூன்றாவது வாரம் முதுகை நக்க ஆரம்பித்தது என்றார் மருமகள். எலி பிடித்ததா என்று கேட்டேன். ‘ஒன்று. மீதி ஏழும் பொறியில்’ என்றார்.

இதை ஒட்டி வந்த இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஏழு மாதப் பொமரேனியன் குட்டிக்குக் கோரைப்பல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டிரண்டாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாய்க்கு நான்காவது மாதத்திலிருந்து பால்பல் விழுந்து ஏழாவது மாதத்துக்குள் எல்லாம் மாறிவிட வேண்டும். சின்ன ஜாதிகளில் பால்பல் விழாமல் ஒட்டிக்கொள்வது சகஜம். இடுக்கில் தீனி சிக்கும், புதுப்பல் கோணலாகும். இன்னும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். கயிறு கட்டி இழுக்காதீர்கள், வேர் உள்ளே முறிந்துவிடும்.

பதினொரு வயது நாய்க்கு மயக்க மருந்து தாங்குமா என்பது இன்னொருவர் கேள்வி. வயதை மட்டும் வைத்து மருத்துவர் வேண்டாம் என்று சொல்வதில்லை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் சோதித்துவிட்டுத்தான் முடிவு செய்வார். அதுவரை சோற்றைக் குழைத்து வையுங்கள், கழுத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள், எந்தப் பக்கம் மெல்லுகிறது என்று இரண்டு நாள் கவனித்துக் குறித்துக்கொண்டு போங்கள்.