பட்டயத்திலிருந்து பட்டத்திற்கு

மேல்நிலை வகுப்பில் அறிவியல் பயிலாத மாணவியர் பலர், செவிலியர் பட்டப்படிப்பு தமக்கு எட்டாதது என எண்ணி ஒதுங்குவர். அவ்வெண்ணம் சரியன்று.

4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் நேரடியாகச் சேர, 12ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் தேர்ச்சி வேண்டும். கலைப்பிரிவு மாணவியரோ 2 ஆண்டுத் துணைச் செவிலியர் பயிற்சியில் (ஏ.என்.எம்.) சேரலாம். அதனை முடித்தோர் துணைச் சுகாதார நிலையங்களில் தாய்சேய் நலம் பேணுவர், தடுப்பூசி இடுவர். அவர்கள் 3 ஆண்டுச் செவிலியர் பட்டயப் படிப்பிற்கும் (ஜி.என்.எம்.) தகுதி உடையோர் ஆவர். பட்டயம் பெற்றோர்க்கு 2 ஆண்டு ‘போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்’ பட்டப்படிப்பு உண்டு.

ஒவ்வொரு படி ஏறியதும் மாநிலச் செவிலியர் மன்றத்தில் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். பதிவின்றி அடுத்த படி இல்லை. ஏற்புப் பெறாத நிறுவனத்தின் சான்றிதழ் பதிவிற்கு உதவாது. ஆதலின், கட்டணம் செலுத்துமுன் நிறுவனத்தின் ஏற்பினைக் கேட்டறிதல் முதற்கடமையாகும்.

இவ்வழி 7 ஆண்டுகள் நீள்வது. எனினும், இடையிடையே ஊதியம் ஈட்டலாம்; நோயாளியரின் அருகிருந்து பெற்ற பட்டறிவும் உடன்வரும்.

சொற்பொருள்: பட்டயம் – டிப்ளமோ, ஏற்பு – அங்கீகாரம், பட்டறிவு – அனுபவம்.

வினா: பதிவு செய்தல் ஏன் இன்றியமையாதது?