விளையாட்டு நீதிமன்றம் உணர்த்தும் உண்மை

கையடக்கத் தொலைபேசி விளையாட்டு என்றதும் துப்பாக்கிச் சூடும் வாகன ஓட்டமுமே எம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், சாட்சிக் கூண்டில் நிற்பவரின் வாய்மொழியை எடைபோடுவதையே விளையாட்டாக்கிய ஒன்றும் உண்டு. ஜப்பானின் கப்கொம் நிறுவனம் கேம் போய் அட்வான்ஸ் என்ற கருவிக்காக 2001 ஆம் ஆண்டு வெளியிட்ட 'கியாகுடென் சைபான்' என்பதே அதுவாகும். ஷு தகுமி எழுதி நெறிப்படுத்திய இவ்விளையாட்டு, 'ஏஸ் அட்டோர்னி' என்ற பெயரில் ஏனைய நாடுகளுக்கும், பின்னர் கையடக்கத் தொலைபேசிகளுக்கும் வந்து சேர்ந்தது.

இதில் விளையாடுபவர் எதிரி தரப்பின் இளம் சட்டத்தரணி. சாட்சி சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் துருவிக் கேட்கலாம். அல்லது அதற்கு முரணான சான்றை முன்வைத்து ஆட்சேபிக்கலாம். ஆதாரமின்றி ஆட்சேபித்தால் தண்டப்புள்ளி விழும். தவறுகள் பெருகினால் கட்சிக்காரர் குற்றவாளியாகி விடுவார். இங்கு விரல்களின் வேகம் உதவாது. நிதானமும் நினைவாற்றலுமே கைகொடுக்கும்.

எனினும் இவ்விளையாட்டில் ஒரு விபரீதமும் உண்டு. வழக்குத் தொடுநரின் கூற்றில் சந்தேகத்தை எழுப்புவது மட்டும் இங்கு போதாது. உண்மைக் கொலையாளி யார் என்பதையும் சட்டத்தரணியே கண்டுபிடித்தாக வேண்டும். அதுவும் மூன்றே நாட்களுக்குள். குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதியே என்ற கோட்பாடு இங்கே தலைகீழாகி விடுகின்றது.

இதனைத் துப்பறியும் கதைக்குரிய மிகைப்படுத்தல் என்று ஒதுக்கிவிடலாமா? ஜப்பானில் குற்றஞ்சாட்டப்பட்டு வழக்கை எதிர்கொள்வோரில் 99 சதவீதத்துக்கும் அதிகமானோர் குற்றவாளிகளாகவே தீர்க்கப்படுகின்றனர். உறுதியான வழக்குகளையே தாம் தாக்கல் செய்வதாக வழக்குத் தொடுநர்கள் கூறும் விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், ஒரு குற்றச்சாட்டின் பேரில் கைதான ஒருவரைக் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் 23 நாட்கள் வரை தடுத்து வைக்க அங்கு இடமுண்டு என்பதையும், அக்காலத்தில் பெறப்படும் ஒப்புதல் வாக்குமூலத்துக்குத் தரப்படும் முக்கியத்துவத்தையும் நாம் மறந்துவிட முடியாது.

முன்னாள் குத்துச்சண்டை வீரரான இவாவோ ஹக்கமாடாவின் கதை இதற்குச் சான்று. 1966 இல் நால்வரைக் கொன்றதாகக் கைது செய்யப்பட்ட அவர், நீண்ட விசாரணையின் பின் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் அதனை மறுத்தார். ஆயினும் 1968 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2014 இல் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட அவரை, 2024 செப்டெம்பரில் ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றம் நிரபராதி எனத் தீர்த்தது. சான்றுகள் புனையப்பட்டவை என்றும் அந்நீதிமன்றம் கண்டது. விளையாட்டில் மூன்று நாட்களில் கிட்டும் நீதி, அவருக்குக் கிட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

2009 முதல் ஜப்பானில் பாரதூரமான வழக்குகளில் மூன்று நீதிபதிகளுடன் ஆறு சாதாரண பிரஜைகளும் அமர்ந்து தீர்ப்பளிக்கின்றனர். இன்று தொலைபேசியில் சாட்சியத்தின் முரணைத் தேடும் ஜப்பானிய இளைஞன், நாளை உண்மையான நீதி ஆசனத்திலும் அமரக்கூடும். கூறப்பட்டதை அப்படியே நம்பிவிடாது சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை இவ்விளையாட்டு அவனுக்குத் தருமாயின் நல்லதே. ஆனால், தன் நிரபராதித்துவத்தை நிரூபிப்பது எதிரியின் கடமை என்ற பாடத்தை மட்டும் அவன் விளையாட்டோடு விட்டுவிட வேண்டும்.